குழந்தையை உட்காரவைத்த கைகள்

மூன்றில் கழுத்து நிற்கும், ஐந்தில் குப்புறக் கவிழும், ஆறு ஏழில் உட்காரும், எட்டில் தவழும் என்று ஒரு வரிசையை நம் வீடுகளில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குழந்தை மருத்துவரின் அறையில் தொங்கும் அட்டவணையும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. பாட்டியும் மருத்துவரும் ஒரே கணக்கைச் சொன்னால் அது இயற்கையே எழுதிவைத்த கணக்கு என்று தோன்றத்தான் செய்யும். பல் முளைப்பதுபோல உரிய நாளில் முதுகு தானாக நிமிரும், நம் வேலை காத்திருப்பது மட்டும் என்றாகிவிடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் குழந்தை வளர்ச்சியை ஆராய்ந்தவர்களில் செல்வாக்கு மிக்கவர்கள் இப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் குழந்தையை உட்காரவைக்கும் வழக்கத்தின் வரலாற்றைக் கிளறிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. எலும்பும் தசையும் நரம்பும் ஓர் எல்லையை வகுக்கின்றன. அதை யாரும் மறுக்க முடியாது. அந்த எல்லைக்குள் எந்த மாதத்தில் உட்காரும், தவழ்வதற்கு முன்னா பின்னா என்பதையெல்லாம் குழந்தையைத் தூக்கிய கைகளும், அது கிடந்த இடமும், வளர்த்தவர்களின் அச்சங்களும்தான் தீர்மானித்திருக்கின்றன.

அச்சம் மிகப் பழையது. எபேசஸில் பிறந்து ரோமில் மருத்துவம் பார்த்த சொரானஸ், கி.பி. 2ஆம் நூற்றாண்டில் மகளிர் மருத்துவம் பற்றி எழுதிய நூலில் இதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறார். குழந்தை உட்கார முயன்றால் கைகொடுக்கலாம், ஆனால் சீக்கிரமாகவும் நெடுநேரமும் உட்கார்ந்தால் கூன் விழும் என்பது அவர் கருத்து. ரோமக் குழந்தைகளின் வளைந்த கால்களைப் பற்றியும் அவர் கவலைப்பட்டிருக்கிறார். இந்தியாவில் குழந்தை மருத்துவத்துக்கென்றே எழுந்த காசியப சங்கிதையும் குழந்தையை முதன்முதலாகத் தரையில் உட்காரவைப்பதை ஒரு சடங்காக விதித்துவிட்டு, நெடுநேரம் உட்காரவைக்காதே என்றும் எச்சரிக்கிறது. இந்த எச்சரிக்கைகளை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. பிரான்சிஸ் கிளிசன் 1650இல் லண்டனில் ரிக்கெட்ஸ் நோயைப் பற்றித் தனி நூல் எழுதும் அளவுக்கு அது ஐரோப்பிய நகரங்களைப் பிடித்திருந்தது. எலும்பில் சுண்ணாம்புச் சத்து ஏறாத குழந்தையை உட்காரவைத்தால் அதன் முதுகு உண்மையிலேயே வளையும்; அப்படி வளைந்த முதுகுகளைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த மருத்துவர்கள் உட்காரவைப்பதன் மீது பழியைப் போட்டதில் வியப்பில்லை. நோய்க்குக் காரணமான குறைபாட்டுக்கு வைட்டமின் டி என்ற பெயரே 1922இல்தான் வந்தது. காரணம் தெரிந்து, மீனெண்ணெயும் வெயிலும் மருந்தாகி, நோய் குறைந்த பின்னரும் அறிவுரை மட்டும் தங்கிவிட்டது. நல்ல எலும்புள்ள குழந்தைக்கும் சீக்கிரம் உட்காரவைத்தால் முதுகெலும்பு கெட்டுவிடும் என்று இன்றும் சொல்லப்படுவது அந்தப் பழைய நோயின் நிழல்தான்.

தமிழில் இந்தப் பேச்சு எழும்போது பிள்ளைத்தமிழைக் காட்டாமல் யாரும் விடமாட்டார்கள். செங்கீரைப் பருவம் ஐந்தாம் மாதம்: இரு கைகளையும் தரையில் ஊன்றி, ஒரு காலை மடக்கி மறுகாலை நீட்டி, தலையை நிமிர்த்திக் குழந்தை அசைவது. சப்பாணி ஒன்பதாம் மாதம்: உட்கார்ந்து இரு கைகளையும் கொட்டுவது. கை ஊன்றாமல் உட்கார முடிந்தால்தான் கை கொட்ட முடியும் என்பதால், இது மருத்துவர் தேடும் அதே அடையாளம்தான். அந்த அளவுக்கு அவதானிப்பு கூர்மையானது. பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக்கிப் பாடிய காலத்திலேயே செங்கீரையும் சப்பாணியும் பாட்டில் இடம்பெற்றுவிட்டன. ஆனால் நம் புலவர்கள் அன்றே குழந்தை மருத்துவ அட்டவணை போட்டுவிட்டார்கள் என்று மார்தட்டுவது மிகை. பாட்டியல் நூல்கள் தங்களுக்குள் சற்று வேறுபட்டாலும், மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று என ஒற்றைப்படை மாதங்களிலேயே பருவங்களை வைக்கும் போக்கு அவற்றில் தெரிகிறது. குழந்தைகள் ஒற்றைப்படை பார்த்து வளர்வதில்லை. அது இலக்கண ஒழுங்கு. எனினும் ஒன்று கவனிக்கத்தக்கது: அந்த வரிசையில் குழந்தை தனியாக இல்லை. ஆடு, கொட்டு, வா என்று ஒவ்வொரு பருவத்திலும் எதிரே ஒருவர் நின்று அழைத்துக்கொண்டே இருக்கிறார்.

அழைப்பவரை வரிசையிலிருந்து நீக்கியது இருபதாம் நூற்றாண்டு ஆய்வுக்கூடம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆர்னால்ட் கெசல், ஒருபக்கம் மட்டும் பார்க்கக்கூடிய திரைக்குப் பின்னால் கேமராவை வைத்து, குழந்தைகளின் அசைவுகளைத் தொடர்ந்து படம்பிடித்தார். அவர் தேர்ந்தெடுத்தவை நியூ ஹேவன் நகரத்து நடுத்தரக் குடும்பங்கள், வடக்கு ஐரோப்பிய வழிவந்தவை. மினியாபொலிஸில் மேரி ஷெர்லி 25 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 1931இல் வெளியிட்ட வரிசைதான் பின்னர் பாடப்புத்தகங்களில் படமாக ஏறியது. அதில் குழந்தை தனியாக உட்காருவது ஏழாம் மாதம். இவர்கள் கண்டது தவறு என்று சொல்லவில்லை. அந்த ஊர்களில், அந்தத் தொட்டிலில், அந்த வளர்ப்பில் குழந்தைகள் அப்படித்தான் வளர்ந்தன. தவறு அடுத்த அடியில் நேர்ந்தது. ஓரிரு நகரங்களின் பழக்கம் மனித இயற்கையின் விதியாகப் படிக்கப்பட்டது. உள்ளிருந்து முதிர்வதே எல்லாம், பயிற்சிக்குப் பெரிய பங்கில்லை என்ற கொள்கை அதன் மேல் கட்டப்பட்டது. 1967இல் டென்வரில் உருவான பரிசோதனை அட்டை அந்த நகரத்துக் குழந்தைகளின் வயதுக் கணக்கை உலகெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இந்தக் கொள்கை எப்படி உடைந்தது என்பதை ஒரே மனிதரின் ஆய்வுகளில் பார்க்கலாம். வெய்ன் டென்னிஸ் என்ற உளவியலாளரும் அவர் மனைவி மார்சினாவும் 1930களில் இரட்டைப் பெண் குழந்தைகளைத் தங்கள் வீட்டில் வைத்து ஓராண்டுக்கு மேல் வளர்த்தார்கள். வேண்டுமென்றே கொஞ்சாமல், பேசாமல், உட்காரவோ நிற்கவோ வைக்காமல். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது. தூண்டுதல் இல்லாமலும் பெரும்பாலான திறன்கள் வந்துசேர்ந்தன என்று அவர்கள் மகிழ்ந்தார்கள். பிந்தியவை சில, அவற்றில் ஒன்று தனியாக உட்காருவது. அதை அன்று அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1940இல் அமெரிக்கப் பழங்குடியினரான ஹோப்பி இனத்தவரிடையே பலகைத் தொட்டிலில் கட்டிவைக்கப்பட்ட குழந்தைகளும் கட்டப்படாதவையும் ஒரே வயதில் நடந்தன என்று கண்டபோது, முதிர்ச்சிக் கொள்கைக்கு இதைவிட நல்ல சான்று இல்லை என்றாயிற்று. இருபது ஆண்டுகள் கழித்து டென்னிஸ் தெஹ்ரானில் அநாதைக் குழந்தைகளின் இல்லங்களைப் பார்த்தார். ஒன்றில், இரண்டாம் வயதில் இருந்த குழந்தைகளில் தனியாக உட்கார முடிந்தவை 42 விழுக்காடுதான். உணவு கிடைத்தது, கூரை இருந்தது; ஆனால் அவை மல்லாந்தே கிடந்தன, அவற்றைத் தூக்கி உட்காரவைக்க ஆள் இல்லை. மற்றோர் இல்லத்தில் பணிப்பெண்கள் குழந்தைகளை மடியில் வைத்துப் பாலூட்டினார்கள், தலையணை அண்டக்கொடுத்து உட்காரவைத்தார்கள், குப்புறப் போட்டார்கள். அங்கே அதே வயதில் உட்கார்ந்தவை 90 விழுக்காடு. 1960இல் வெளியான கட்டுரையில் டென்னிஸ் தம் பழைய முடிவுக்கு நேர் எதிராக எழுதினார்: வாய்ப்பு இல்லாத இடத்தில் முதிர்ச்சி மட்டும் குழந்தையை உட்காரவைப்பதில்லை. ஹோப்பி ஆய்வு ஏன் ஏமாற்றியது என்பதும் இப்போது புரிகிறது. பலகையில் கட்டப்பட்ட ஹோப்பிக் குழந்தை நாள் முழுவதும் அப்படியே கிடக்கவில்லை. அவிழ்த்த நேரமெல்லாம் அதற்கு மடி இருந்தது, கை இருந்தது.

இல்லங்களில் வளர்ந்தவை வாய்ப்புப் பறிக்கப்பட்ட குழந்தைகள், அவற்றை வைத்து எல்லாக் குழந்தைகளையும் அளக்கலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை மேற்குக் கென்யாவின் மலைநாட்டில் கிடைக்கிறது. கிப்சிகிஸ் மக்கள் வாழும் கோக்வெட்டில் ஆய்வாளர் சார்ல்ஸ் சூப்பர் 1970களில் பார்த்தது இது. பிறந்த சில மாதங்களிலேயே குழந்தை பகற்பொழுதின் பெரும்பகுதியை யாராவது ஒருவர் மடியில் நிமிர்ந்தபடி கழிக்கிறது. ஐந்தாறு மாதத்தில் தாய் தரையில் சிறு குழி தோண்டி, அதில் குழந்தையை இறக்கி, இடுப்பைச் சுற்றித் துணி செருகி அண்டக்கொடுக்கிறாள். நாளுக்கு நாள் அணை குறைகிறது. பயிற்சி என்று அவர்கள் அறிந்தே செய்வது இது. நடைக்கும் அப்படியே தனிப் பயிற்சி உண்டு. கிப்சிகிஸ் குழந்தைகள் அமெரிக்கக் குழந்தைகளைவிட ஏறத்தாழ ஒரு மாதம் முன்னதாக உட்கார்ந்தன. இதில் ஐரோப்பியர்களுக்கு வியப்பு புதிதல்ல. 1950களில் மார்சேல் கெபர் உகாண்டாவில் குழந்தைகளைச் சோதித்ததிலிருந்தே ஆப்பிரிக்கக் குழந்தைகள் பிறவியிலேயே முந்தியவை என்ற பேச்சு பரவியிருந்தது. இன மரபே காரணம் என்ற இந்த வாதம்தான் நான் முன்வைக்கும் கருத்துக்கு வலுவான மறுப்பு. சூப்பரின் ஆய்வு அதைச் சரியான இடத்தில் தட்டியது. மரபு காரணமானால் எல்லா அசைவுகளிலும் குழந்தை முந்தியிருக்க வேண்டும். கிப்சிகிஸ் குழந்தை உட்காருவதிலும் நடப்பதிலும் முந்தியது. புரள்வது, தவழ்வது போன்ற, யாரும் கற்றுக்கொடுக்காத அசைவுகளில் முந்தவில்லை. கென்யாவிலேயே தவழக் கற்றுக்கொடுக்கும் குழுக்களில் தவழ்தல் முன்னதாக வந்தது. ஒரே உடம்பு, கற்றுக்கொடுத்ததில் மட்டும் முந்துகிறது என்றால் இரத்தத்தில் காரணம் தேட என்ன இருக்கிறது? பிலிப் செலாசோவும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட பரிசோதனையும் இதையே காட்டியது: ஆறு வாரக் குழந்தைகளுக்கு நாளும் சில நிமிடம் உட்காரும் பயிற்சி கொடுத்தபோது அவை உட்காருவதில் தேறின, காலெடுத்து வைப்பதில் அல்ல, காலெடுத்து வைக்கப் பழகியவை அதில் மட்டும் தேறின.

2015இல் லானா காரசிக்கும் உடன் ஆய்வாளர்களும் ஆறு நாடுகளில் ஐந்து மாதக் குழந்தைகளின் வீட்டுக்கே சென்று ஒரு மணி நேரம் சும்மா பார்த்தார்கள். அர்ஜென்டினா, கேமரூன், இத்தாலி, கென்யா, தென்கொரியா, அமெரிக்கா. அட்டவணைப்படி ஐந்து மாதக் குழந்தை எதுவும் தனியாக உட்கார வேண்டிய அவசியமில்லை; இவற்றில் 36 விழுக்காடு உட்கார்ந்தன. கேமரூனிலும் கென்யாவிலும் சில குழந்தைகள் இருபது நிமிடத்துக்கு மேல் பிடிமானமின்றி உட்கார்ந்திருக்க, தாய்மார் கையெட்டாத தொலைவில் தம் வேலையைப் பார்த்தார்கள். உயரமான இருக்கையில் உட்காரவைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. மேற்கத்தியக் குழந்தைகள் பெரும்பாலும் முதுகு தாங்கும் நாற்காலிகளிலும் கைகளிலும் இருந்தன. இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். குழியும் மடியும் குழந்தையைத் தாங்கினாலும் அசைய விடுகின்றன. சாயும்போது அதன் முதுகும் வயிறும்தான் தடுமாறித் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. இடுப்பைக் கவ்விப் பிடிக்கும் வார்ப்பு இருக்கையில் அந்த வேலையை இருக்கையே செய்துவிடுகிறது, குழந்தை கற்க வேண்டியது எதுவும் மிச்சமில்லை. போதாததற்கு ஆபத்தும் உண்டு: உலகெங்கும் விற்ற ஒரு நுரை இருக்கையிலிருந்து குழந்தைகள் நழுவி விழுந்ததால் அமெரிக்காவில் 2007இல் சுமார் 10 லட்சமும், 2012இல் சுமார் 40 லட்சமும் திரும்ப அழைக்கப்பட்டன. இரண்டாவது முறை வார் போடச் சொன்னார்கள். உட்காரக் கற்றுக்கொடுக்கும் பழைய வழக்கத்தின் பெயரில் விற்ற பொருளுக்கு அந்த வழக்கத்தோடு உறவே இல்லை.

எதிர்த்திசையிலிருந்து வரும் மறுப்பு புடாபெஸ்டில் பிறந்தது. எம்மி பிக்லர் என்ற ஹங்கேரிய மருத்துவர் 1946இல் லோட்சி தெருவில் பெற்றோரில்லாக் குழந்தைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். தானாகப் போய்ச் சேர முடியாத எந்த நிலையிலும் குழந்தையை வைக்கக் கூடாது என்பது அங்கே விதி. உட்காரவைப்பதில்லை, நிற்கவைப்பதில்லை, கைபிடித்து நடத்துவதில்லை. மல்லாந்து கிடக்கும் குழந்தை புரண்டு, ஊர்ந்து, தவழ்ந்து, பிறகு தானே எழுந்து உட்காரும். அவை நன்றாகவே வளர்ந்தன. அசைவில் நிதானமும் நயமும் இருந்தன என்று பிக்லர் பதிவுசெய்தார். அப்படியானால் உதவும் கை தேவையே இல்லை என்றாகாதா? தெஹ்ரானை நினைத்துப் பார்த்தால் ஆகாது. அங்கேயும் குழந்தைகள் மல்லாந்துதான் கிடந்தன. வேறுபாடு, லோட்சியில் ஆட்கள் இருந்தார்கள் என்பதே. குளிப்பாட்டும்போதும் உடுத்தும்போதும் பேசிப் பேசி, அவசரமின்றிக் கவனித்தார்கள்; புரளவும் ஊரவும் உறுதியான விரிந்த தரையைத் திட்டமிட்டு அமைத்தார்கள். தரையைத் தேர்ந்து கொடுப்பதும் ஒரு வளர்ப்புதான், தலையணை வைக்காமல் இருப்பது வளர்ப்பு இல்லாமை ஆகாது. பிக்லரின் சான்று இன்னொரு வகையில் என் வாதத்துக்கே துணை. லோட்சியில் குழந்தைகள் தவழ்ந்த பிறகு உட்கார்ந்தன. கோக்வெட்டில் தவழ்வதற்கு நெடுநாள் முன்பே உட்கார்ந்தன. மாதம் மட்டும் மாறினால் சிறு வேறுபாடு என்று விடலாம், வரிசையே மாறுகிறது.

முந்தி உட்கார்ந்த குழந்தைக்கு அதனால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு, பெரிய லாபம் எதுவும் தெரியவில்லை என்பதே நேர்மையான பதில். இதை அமெரிக்காவே தற்செயலாகச் சோதித்துப் பார்த்தது. தூக்கத்தில் திடீரென நேரும் தொட்டில் மரணங்களைக் குறைக்கக் குழந்தைகளை மல்லாத்தித் தூங்கவைக்க வேண்டும் என்று அங்குள்ள குழந்தை மருத்துவக் கழகம் 1992இல் பரிந்துரைத்தது. 1994இல் அது நாடு தழுவிய இயக்கமாயிற்று. மரணங்களும் பெருமளவு குறைந்தன. 1998இல் வெளியான ஓர் ஆய்வு, மல்லாந்து தூங்கிய குழந்தைகள் புரள்வதும், கை ஊன்றி உட்காருவதும், தவழ்வதும் குப்புறத் தூங்கியவற்றைவிடப் பிந்தின என்று கண்டது. நடந்த வயதில் வேறுபாடு இல்லை. தூங்கும் பக்கத்தை மாற்றியதற்கே அட்டவணை நகர்கிறது என்பது இங்கே முக்கியம். நகர்ந்ததால் யாருக்கும் கேடு வரவில்லை என்பதும் அதே அளவு முக்கியம். பக்கத்து வீட்டுக் குழந்தை ஐந்தில் உட்கார்ந்துவிட்டது என்று பதறும் தாய்க்குச் சொல்ல வேண்டியது இந்த இரண்டாவது பகுதி.

அப்படியானால் அட்டவணையைக் கழற்றி எறிந்துவிடலாமா? கூடாது. தசைநோயோ மூளைப் பாதிப்போ உள்ள குழந்தையை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் நிமிராத முதுகும் நிற்காத கழுத்தும்தான். அட்டவணை அந்தக் குழந்தைக்காக இருக்கிறது. ஆனால் அட்டவணை போடுபவர்களே மெல்ல மாறிவருகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுகோல் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து உருவானது. இந்தியக் குழந்தைகள் தெற்கு டெல்லியைச் சேர்ந்தவை. கை ஊன்றாமல், தலை நிமிர்ந்து, குறைந்தது 10 விநாடி உட்காருவதற்கு அது தருவது ஒரு மாதம் அல்ல, 3.8 மாதம் முதல் 9.2 மாதம் வரை ஒரு நீண்ட இடைவெளி. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2022இல் தன் பட்டியலைத் திருத்தியபோது, நான்கில் மூன்று குழந்தைகள் செய்துவிடும் வயதையே குறிக்க முடிவுசெய்து, தனியாக உட்காருவதை ஒன்பதாம் மாதத்தில் வைத்தது; தவழ்தலைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. எண்கள் விரிந்துவிட்டன. இன்னும் அட்டவணையில் ஏறாமல் இருப்பது, குழந்தை பகலை எங்கே கழிக்கிறது என்ற கேள்வி. ஒன்பது மாதமாகியும் உட்காராத குழந்தையை மருத்துவர் பார்க்கத்தான் வேண்டும். அந்தக் குழந்தை தரையில் விடப்படுகிறதா, மடியில் நிமிர்ந்து இருக்கிறதா, தூளியிலும் வார் போட்ட இருக்கையிலுமே கிடக்கிறதா என்று கேட்காமல் எழுதும் குறிப்பு, தெஹ்ரான் இல்லத்துக் குழந்தைக்கும் நரம்புக் கோளாறுள்ள குழந்தைக்கும் ஒரே பெயரைத்தான் வைக்கும்.